வீட்டு வாசலில் ஹெட் இறக்கிய காலம்: ஒரு கேஸ்கெட்டின் வரலாறு

"ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சார்." பழைய கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக் வாயிலிருந்து கேட்க விரும்பாத வாக்கியம் இது. கேட்டவுடனே மனசுக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். வண்டியை விற்றுவிடலாமா, இன்ஜினையே மாற்றிவிடலாமா என்று பேச்சு போகும். கேஸ்கெட்டின் விலை என்னவோ சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரைதான். மிச்சமெல்லாம் அதை மாற்றுவதற்கான கூலியும் அதைச் சுற்றியுள்ள வேலைகளும்.

ஆனால் 1930களில் இங்கிலாந்தில் சின்ன கார் வைத்திருந்த ஒரு குமாஸ்தாவுக்கோ பள்ளி ஆசிரியருக்கோ இது பெரிய விஷயமாகவே தெரிந்திருக்காது. சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அவரே வீட்டு வாசலில் ஹெட்டைக் கழற்றி, கரி சுரண்டி, புது கேஸ்கெட் வைத்து மூடிவிடுவார். காருடன் வந்த கையேட்டிலேயே அதற்கான பக்கங்கள் இருக்கும். ஆயில் மாற்றுவதற்கு அடுத்தபடியான வேலை, அவ்வளவுதான்.

இந்த வேலை எப்படி வாசலை விட்டுப் போனது? "அந்தக் காலத்து ஆட்களுக்குக் கைவேலை தெரியும், நமக்குச் சோம்பல்" என்ற வழக்கமான பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில், பதில் பெரும்பாலும் அந்த ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதே தகட்டுக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. அது அவ்வளவு இனிமையான கதை இல்லை.

தகடு என்ன செய்கிறது?

இன்ஜினின் கீழ்ப்பகுதி பிளாக். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர்கள் அதில் இருக்கின்றன. மேலே மூடி போல உட்காருவது ஹெட். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஹெட் கேஸ்கெட்.

அது மூன்று விஷயங்களை ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்: சிலிண்டருக்குள் எரியும் வாயு, சுற்றி ஓடும் தண்ணீர், மேலே ஏறி இறங்கும் ஆயில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 75 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பளவு சுமார் 44 சதுர செ.மீ. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் எரியும் நொடியில் உச்ச அழுத்தம் 50 பார் என்று வைத்துக்கொண்டால், ஹெட்டை மேலே தள்ளும் விசை கிட்டத்தட்ட 2,200 கிலோ. அதாவது இரண்டு டன்னுக்கு மேல். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இந்த அடி விழுகிறது. அதே கேஸ்கெட்டில், சில மில்லிமீட்டர் தள்ளி, ஒரு பார் அழுத்தத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

நடுவில் எங்காவது வழி விட்டால் அறிகுறிகள் தெரியும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் குமிழி குமிழியாக வரும். சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறும். எந்தக் கசிவும் வெளியே தெரியாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போகும்.

கழற்றவே முடியாத ஹெட்

ஆரம்பகால இன்ஜின் வடிவமைப்பாளர்கள் பலர் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஹெட்டையும் சிலிண்டரையும் ஒரே வார்ப்பாக வார்த்துவிட்டால் கேஸ்கெட்டுக்கே வேலை இல்லையே! 1919ல் அறிமுகமான பென்ட்லி 3 லிட்டர் காரில் அப்படித்தான். புகாட்டியின் புகழ்பெற்ற டைப் 35 பந்தயக் காரும் அதே வழிதான். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தைப் பல பத்தாண்டுகள் ஆண்ட ஆஃபன்ஹவுசர் இன்ஜினிலும் ஹெட் தனியாக இல்லை. எவ்வளவு அழுத்தம் ஏற்றினாலும் போவதற்கு அங்கே கேஸ்கெட்டே கிடையாது.

இதற்கு ஒரு விலை உண்டு. வால்வைக் கிரைண்டிங் செய்ய வேண்டுமென்றால் சிலிண்டர் பிளாக் முழுவதையும் தூக்க வேண்டும். பந்தயக் குழுவுக்கு அது பரவாயில்லை. பென்ட்லி வாங்குகிற அளவு வசதியானவரிடமும் அதைச் செய்ய ஆள் இருந்திருக்கும். சொந்தமாகவே எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு விவசாயிக்கு அது சரிப்படுமா?

ஃபோர்டின் முடிவு

1908 அக்டோபரில் வந்த ஃபோர்டு மாடல் டி இந்த இடத்தில்தான் வேறு பாதையில் போனது. நான்கு சிலிண்டர்களும் ஒரே பிளாக்காக வார்க்கப்பட்டன. ஹெட் தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் தூக்கி வைத்துவிடலாம். கழலும் ஹெட்டை ஃபோர்டுதான் முதலில் கண்டுபிடித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஒரு காரில் அதை வைத்ததால், மற்றவர்களுக்கும் அதுதான் வழக்கமாகிப் போனது.

இது வேலை செய்ததற்கு ஒரு காரணம், அந்த இன்ஜின் மிகவும் சாதுவானது. 2.9 லிட்டர் கொள்ளளவு, வெறும் 20 குதிரைத்திறன். அமுக்க விகிதம் இன்றைய இன்ஜின்களில் பாதிகூட இல்லை. இதனால் கேஸ்கெட் மீது விழும் அடியும் குறைவு. வால்வுகளெல்லாம் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருந்தன. நாம் சைடு வால்வு என்று சொல்வது இதைத்தான். ஹெட் என்பது கிட்டத்தட்ட ஒரு கனமான மூடி. அதைத் தூக்க டைமிங் செயினைத் தொட வேண்டியதில்லை.

நடுவில் வைத்த தகடு, செம்புத் தகடுகளுக்கு இடையே ஆஸ்பெஸ்டாஸ் வைத்து மடித்த சாண்ட்விச். யோசித்துப் பார்த்தால் மிகப் பொருத்தமான ஜோடி. செம்பு மென்மையானது, வெப்பத்தைக் கடத்தும், மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். ஆஸ்பெஸ்டாஸ் எரியாது, அமுங்கும், இழைகள் பின்னிக்கொண்டு பிய்ந்து போகாமல் நிற்கும். பிளாக்கின் முகம் அங்கங்கே கீறலாக இருந்தாலும், மட்டம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், இந்த சாண்ட்விச் அதை விழுங்கிவிடும்.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பதால் எனக்கு இது பழக்கமான விஷயமாகப் பட்டது. இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்தாத இரண்டு சிஸ்டத்துக்கு நடுவே, வருவதையெல்லாம் பொறுத்துக்கொள்கிற ஒரு லேயர். அந்த லேயர் இருக்கும்வரை இரண்டு பக்கமும் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் கரிக்கத்தியும் இரண்டு ஸ்பேனரும் வைத்துக்கொண்டு ஒருவர் ஹெட் இறக்க முடிந்ததற்கு இந்தப் பொறுமைதான் அடிப்படை.

டீகோக் என்ற சடங்கு

அந்தக் காலத்து பெட்ரோலும் ஆயிலும் எரிந்தால் நிறையக் கரி விடும். பிஸ்டன் தலையிலும் ஹெட்டின் உட்புறத்திலும் கரி அடை அடையாகப் படியும். இடம் குறுகுவதால் அமுக்கம் கூடும். தணல் போலக் கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டு, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். மேடு ஏறும்போது இன்ஜின் "டிக் டிக்" என்று அடிக்க ஆரம்பித்தால் கரி எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆங்கிலேயர்கள் இதை டீகோக் என்றார்கள். நம்ம ஊர்ப் பட்டறைகளில் டீகார்பனைஸ்.

1922ல் வந்த ஆஸ்டின் செவன் பிரிட்டனில் நடுத்தர வர்க்கத்துக்குக் கார் ஆசையைக் காட்டிய வண்டி. 747 சிசி, சைடு வால்வு, கழலும் ஹெட். 1939 வரை சுமார் 2,90,000 வண்டிகள் செய்தார்கள். அந்த வண்டியை வைத்துத்தான் ஒரு தலைமுறையே ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டது எனலாம். அந்த வரிசையில் ஒரு பையன் ஜான் ஹெய்ன்ஸ். பள்ளியில் படிக்கும்போதே பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்து ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி மாற்றினார். அதை எப்படிச் செய்வது என்று 1956ல் ஒரு சிறு புத்தகமும் போட்டார். பிறகு பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து ஏடனில் இருந்தபோது, நண்பர் ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காரைப் பிரித்துப் பூட்ட வேண்டி வந்தது. கம்பெனி கையேடு சாதாரண ஆளுக்கு உதவவில்லை. பிரிக்கும் ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்துக்கொண்டார். 1966ல் வெளிவந்த முதல் ஹெய்ன்ஸ் மேனுவல் இதிலிருந்து பிறந்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டில் ஹெட் இறக்க மிகச் சிறந்த புத்தகம் வந்த காலத்தில், அடிக்கடி ஹெட் இறக்க வேண்டிய தேவை குறைந்துகொண்டு வந்தது. டிடர்ஜென்ட் கலந்த ஆயில் வந்தது, பெட்ரோல் தரம் உயர்ந்தது, கரி படிவது குறைந்தது. டீகோக் மெல்ல அட்டவணையிலிருந்து காணாமல் போனது. ஹெட்டைத் திறப்பது வழக்கமான பராமரிப்பு என்பதிலிருந்து, ஏதோ கெட்டுப்போனால் மட்டும் செய்யும் வேலையாக மாறியது.

அம்பாசடரும் ஒன்பது கணக்கும்

இந்தியாவில் அந்தப் பழைய உலகம் இன்னும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தது. காரணம் அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்டு 1950களின் கடைசியில் வந்த வண்டி. முதலில் சைடு வால்வு, பிறகு பிஎம்சியின் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு இன்ஜின். இங்கிலாந்தில் எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார்களிலும் ஓடிய அதே பி சீரீஸ் குடும்பம். சென்னைக்குப் பக்கத்திலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்த ஹெரால்டும் இதே மாதிரியான பிரிட்டிஷ் வம்சம்தான்.

பிஎம்சி இன்ஜினில் பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. சூடேறும்போது இரண்டும் ஒரே அளவு விரியும். நடுவில் இருக்கும் கேஸ்கெட் இழுபடாது. ஹெட்டைத் திரும்ப மாட்டிய பிறகு ராக்கரில் வால்வு இடைவெளி வைக்க ஒரு அழகான கணக்கு உண்டு. வால்வுகள் மொத்தம் எட்டு. எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது முதல் வால்வுக்கு இடைவெளி வைக்க வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதுக்கு. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். புத்தகம் படிக்காத மெக்கானிக்குக்கூட இந்த ஒன்பது கணக்கு போதும். ஃபீலர் கேஜ் ஒன்று கையில் இருந்தால் மரத்தடியில் உட்கார்ந்து வேலையை முடித்துவிடலாம்.

சாண்ட்விச்சின் உள்ளே இருந்தது

இப்போது அந்த இன்னொரு கதை.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் டர்னர் பிரதர்ஸ் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் நூல் நூற்கும் பிரிவில் வேலை பார்த்தவர் நெல்லி கெர்ஷா. 1924 மார்ச்சில் இறந்தார். வயது 33. நுரையீரலைப் பரிசோதித்த டாக்டர் குக், அதில் ஆஸ்பெஸ்டாஸ் துகள்களைக் கண்டு, அதே வருஷம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். கம்பெனி பொறுப்பேற்க மறுத்துவிட்டது. 1930ல் அரசுக்காக மெரிவெதரும் பிரைசும் தயாரித்த அறிக்கை, தூசில் நீண்ட காலம் வேலை செய்தவர்களுக்கு நோய் வருவதை உறுதி செய்தது. 1931ல் விதிமுறைகள் வந்தன. ஆனால் அவை தொழிற்சாலைக்குள் சில தூசு வேலைகளுக்கு மட்டும்தான். செய்து முடித்த பொருளை வெளியே கையாளுபவர்களைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை.

1960ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாக்னரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் மோசமான செய்தியைச் சொன்னது. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய்க்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் தொடர்பு இருந்தது. நோயாளிகளில் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள். சின்ன வயதில் பக்கத்தில் குடியிருந்தவர்கள். தூசைச் சுவாசித்த பிறகு நோய் தெரிய 20 முதல் 50 வருஷம்கூட ஆகலாம்.

கேஸ்கெட்டுக்குள் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் பசையில் பிணைந்து கிடப்பது. சும்மா இருக்கும்வரை அதிகம் தூசு விடாது. பல வருஷம் சூட்டில் வெந்து, காய்ந்து, உலோகத்தோடு ஒட்டிப் போன பிறகு அதை உலர்ந்த நிலையில் சுரண்டும்போதும், கம்பி பிரஷ் போடும்போதும், காற்றடித்து ஊதும்போதும்தான் ஆபத்து. வீட்டில் ஒருமுறை கேஸ்கெட் மாற்றியவருக்கு நோய் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தினமும் இதையே செய்தவர்கள், அந்த ஆலைகளில் நூற்றவர்கள், வெட்டியவர்கள் கணக்கு வேறு. அந்த "பொறுமையான லேயர்" அவர்களுடைய நுரையீரலின் செலவில் கிடைத்தது. பழைய காலத்து டீகோக் படங்களைப் பார்த்து நாம் ரசிக்கும்போது அந்த ராச்டேல் பெண்ணும் படத்துக்குள் இருக்கிறார்.

பிரிட்டன் 1999ல் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸையும் தடை செய்தது. அமெரிக்கா 1989ல் போட்ட தடையை 1991ல் நீதிமன்றம் பெருமளவு ரத்து செய்தது. 2024ல்தான் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை விதி வந்தது. அதன் பட்டியலில் கேஸ்கெட்டும் உண்டு. இந்தியாவில் 1995ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி, மருத்துவப் பதிவுகளைக் குறைந்தது 40 வருஷம் வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு லட்ச ரூபாய் இழப்பீடு. ஆனாலும் இங்கே வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை வரவில்லை.

அலுமினியம் வந்தது, பொறுமை போனது

இதே காலத்தில் இன்ஜினும் மாறியது. எடை குறைய வேண்டும் என்பதற்காக ஹெட்டை அலுமினியத்தில் செய்தார்கள். வார்ப்பிரும்பைவிட அலுமினியம் சூட்டில் இரண்டு மடங்கு விரியும். 350 மி.மீ. நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால், கீழே உள்ள இரும்பு பிளாக்கைவிடச் சுமார் 0.34 மி.மீ. அதிகம் நீளும். ஒவ்வொரு முறை வண்டி எடுத்து நிறுத்தும்போதும் கேஸ்கெட் இருபுறமும் தேய்க்கப்படுகிறது. தண்ணீர் இல்லாமல் ஒருமுறை ஓவர்ஹீட் ஆனால் அலுமினிய ஹெட் வளைந்தும் போகும்.

ஆஸ்பெஸ்டாஸுக்குப் பதிலாக முதலில் கிராஃபைட்டும் அராமிட் இழைகளும் வந்தன. பிறகு பல அடுக்கு எஃகு கேஸ்கெட். ஸ்பிரிங் போல வேலை செய்யும் மெல்லிய எஃகுத் தகடுகள் சில, ஒவ்வொன்றிலும் புடைத்த வரி, மேலே மெல்லிய ரப்பர் பூச்சு. 1990களிலிருந்து இது பரவலானது. ஆயுள் அதிகம், அழுத்தமும் தாங்கும். ஆனால் இரு பக்கமும் கண்ணாடி மாதிரி வழவழப்பாகவும் மட்டமாகவும் இருந்தால்தான் பிடிக்கும். மேடு பள்ளத்தை விழுங்குவதெல்லாம் இதற்குத் தெரியாது. கூடவே, கொஞ்சம் இழுபடும் அளவுக்கு முறுக்கப்படும் ஹெட் போல்ட்டுகள் வந்தன. பெரும்பாலும் ஒருமுறை கழற்றினால் தூக்கிப் போட வேண்டியதுதான். முறுக்குவதற்கும் டார்க் மட்டும் போதாது, கடைசியில் இத்தனை டிகிரி என்று கோணக் கணக்கு.

ஆக, முன்பு தகட்டுக்குள் இருந்த சகிப்பு எடுக்கப்பட்டு, துல்லியமாகப் பிளாக் முகத்துக்கும் போல்ட்டுக்கும் மாற்றப்பட்டது. அந்தத் துல்லியம் வீட்டில் கிடையாது, லேத் பட்டறையில்தான் இருக்கிறது. வேலை வாசலை விட்டுப் போனதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்றும் வீட்டில் முடியுமா?

முடியும். எங்கள் வீட்டில் இருந்த பழைய மூன்று சிலிண்டர் காரில் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போய் கேஸ்கெட் விட்டபோது, போர்ட்டிகோவிலேயே இரண்டு வார இறுதியில் மாற்றினோம். வேலை தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் சாயங்காலம் வந்து பார்த்துக்கொண்டார். அவர் சொன்னது இது: "தம்பி, கேஸ்கெட் மாத்துறது ஒரு வேலையே இல்ல. மட்டம் பாக்குறதுதான் வேலை."

அதுதான் உண்மை. கூலன்ட் இறக்குவது, பேட்டரி வயரைக் கழற்றுவது, முதல் சிலிண்டரை மேலே கொண்டு வந்து டைமிங் குறிகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு பெல்ட்டைக் கழற்றுவது, இதெல்லாம் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். முறுக்கும்போது நேர்மாறாக, நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றுகளாக. அப்போதுதான் தகடு சுருக்கம் விழாமல் படியும். நேர்விளிம்பு ஸ்கேலை ஹெட்டின் மீது குறுக்கும் நெடுக்குமாக வைத்து, கீழே ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தோம். 0.05 மி.மீ. தகடு தாராளமாகப் போனது. ஹெட் லேத் பட்டறைக்குப் போய் ஃபேசிங் போட்டுத் திரும்பி வந்த பிறகுதான் மூடினோம். அந்த ஒரு படியை மட்டும் வெளியே கொடுத்தோம்.

ஆகவே நடைமுறையில் இந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கழற்றுவதும் மாட்டுவதும் இன்னும் நம் கையில் இருக்கிறது. அளவு சேவை மெஷினிடம் போய்விட்டது. வண்டிக்கான சரியான டார்க் கணக்கு, போல்ட் திரும்பப் போடலாமா கூடாதா என்ற விவரம், ஹெட்டில் எவ்வளவுவரை சீவலாம் என்ற எல்லை, இந்த மூன்றும் கையில் கிடைக்காமல் ஸ்பேனரைத் தொட வேண்டாம்.

கடைசியாக, அம்பாசடர், ஹெரால்டு, பழைய ஜீப், பழைய டீசல் பம்ப்செட் என்று ஏதாவது வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு. அதில் இருக்கும் பழைய கேஸ்கெட்டை ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன் சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊற விடுங்கள். ஈரத்திலேயே சுரண்டுங்கள். கிரைண்டர் வீல், கம்பி பிரஷ், கம்ப்ரசர் காற்று மூன்றும் வேண்டாம். சுரண்டியதை ஈரத்துணியால் துடைத்து, துணியோடு சேர்த்து இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். சாதாரணத் துணி முகமூடி இதற்கு உதவாது, நுண்துகளுக்கான வடிகட்டி முகமூடி தேவை. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பக்கத்துப் பட்டறையில் கேஸ்கெட் சுரண்டிக் காற்றடிக்கும் பையனைப் பார்த்தால், அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தினமும் அதைச் செய்வது அவன்தான்.